பேசுமுன் பார்ப்போம்



பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுதிப் பள்ளிக்கு என்னை அவசரமாக அழைத்தார்கள். வெளிநாட்டில் பணியாற்றிய தன் தகப்பனார் இறந்த செய்தியை ஒரு மாணவன் அன்று காலையில்தான் கேட்டிருந்தான். நான் அவனருகே நின்று, "எல்லாம் தேவசித்தம், அழாதே" என்று சொல்லி ஜெபித்தேன். அவன் தலையசைத்தான். காலையிலிருந்து அவன் ஒன்றும் உண்ணவில்லை என்பதையும், தாயோடு இன்னும் பேசவில்லை என்பதையும் பிறகே அறிந்தேன். அந்தத் தலையசைப்பு இன்றும் என் மனச்சாட்சியை உறுத்துகிறது.

சர்வதேசப் பள்ளிகளின் ஆலோசகர்களுக்கு நெருக்கடிக் காலப் பயிற்சி கட்டாயம் வேண்டும் என்று நான் கருதுவது இதனாலேயே. இப்பள்ளிகள் நமக்கு அந்நியமானவை அல்ல. அமெரிக்க மிஷனரிமாரின் பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கப்பட்ட பள்ளியே இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. பெற்றோரின் நாட்டுக்கு வெளியே வளரும் பிள்ளைகளை 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்று குறித்த ரூத் ஹில் யூசீமின் ஆய்வும் 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கரிடையே தொடங்கியதே.

நம் ஊரில் துக்கம் நேர்ந்தால் உறவினர் கூடுவர், சபையார் வருவர். விடுதிப் பிள்ளைக்கு அந்த முற்றம் இல்லை. ஒரே வகுப்பில் ஒரு பிள்ளை வாய்விட்டு அழும்; மௌனமே மரியாதை என்று வளர்ந்த இன்னொரு பிள்ளை அசையாமல் அமர்ந்திருக்கும். அந்த மௌனத்தைக் கல்நெஞ்சம் என்று எண்ணிவிடாதிருக்கப் பயிற்சி வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம், வேர்ல்ட் விஷன் முதலிய அமைப்புகளோடு சேர்ந்து 2011-ல் உளவியல் முதலுதவிக் கையேடு ஒன்றை வெளியிட்டது. பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்பனவே அது கற்பிக்கும் மூன்று செயல்கள். முதலில் பாதுகாப்பையும் உடனடித் தேவையையும் பார்க்க வேண்டும். பேசும்படி வற்புறுத்தாமல் கேட்க வேண்டும். பின்பு குடும்பத்தோடும் தகுந்த உதவியோடும் இணைக்க வேண்டும். நடந்ததை உடனே விவரிக்கச் செய்யும் பழைய வழக்கத்தை அது ஏற்கவில்லை.

சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிய எலியாவை எண்ணிப்பாருங்கள். தூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து உறங்கவிட்டான். ஓரேபிலே கர்த்தர் அவன் முறையீட்டை இருமுறை சொல்லவிட்டுக் கேட்டார். அதன்பின் எலிசாவைத் துணையாகக் காட்டினார்.

"ஜெபம் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். ஜெபிக்கிற மருத்துவரும் மருத்துவம் கற்றே வருகிறார். பெற்றோருக்கு யார் அறிவிப்பது, வகுப்பில் எந்தச் சொற்களில் சொல்வது, காலியான இருக்கையை என்ன செய்வது, ஆலோசகரே துக்கத்தில் உடைந்தால் அவர் இடத்தில் யார் நிற்பது, பிள்ளை வேறு நாட்டுக்குச் சென்றபின் யார் விசாரிப்பது? இவற்றுக்கு அந்த நாளில் விடை தேடினால் காலம் கடந்துவிடும். அமைதியான நாட்களிலேயே பள்ளிகள் இதற்கென்று நேரத்தையும் பணத்தையும் ஒதுக்க வேண்டும்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே, விடுதிக் காப்பாளர்களே, நாமும் இதைக் கற்போம். அடுத்த முறை துக்க வீட்டில் வாய் திறக்குமுன், அந்தப் பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்போம். நம் கண்களுக்குத் தெளிவையும் நாவுக்குப் பொறுமையையும் கர்த்தர் தருவாராக. ஆமென்.