வசதியான துப்பாக்கி என்று ஒன்று உண்டா?

"தினமும் கூடவே வைத்துக்கொள்ள வசதியான, நம்பகமான கைத்துப்பாக்கி எது?" காலை நடைக்கு வருகிற நண்பர் ஒருவர் போன மாதம் என்னைக் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. வயது 71. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். திருமுல்லைவாயில் பக்கம் தனி வீடு, அவரும் மனைவியும் மட்டும். வயதான தம்பதியைக் கட்டிப்போட்டு நகையைக் கொள்ளையடித்தார்கள் என்று பேப்பரில் வந்தால் அன்று இரவு அவருக்குத் தூக்கம் கிடையாது. என்னைக் கேட்டதற்குக் காரணம், நான் பணியில் இருந்தபோது சில வருஷம் துப்பாக்கி லைசென்ஸ் கோப்புகள் என் மேசை வழியாகப் போய்வந்தன. அவரைப்போல யோசிப்பவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருக்கலாம். அதனால் அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், நமக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கலாம். சினிமாவில் ஹீரோ வைத்திருக்கும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் சாதாரணக் குடிமகனுக்குக் கிடையாது. அது தடைசெய்யப்பட்ட ரகம். நமக்கு உள்ளது பெரும்பாலும் .32 ரிவால்வர், .32 பிஸ்டல், சிறிய .22 ரகங்கள், அவ்வளவுதான். ஆவடியில் நாம் டாங்கியே செய்கிறோம். 1965-ல் விஜயந்தா இங்கேதான் உருண்டு வெளியே வந்தது. ஆனால் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் வேண்டுமென்றால் கான்பூரைத்தான் பார்க்க வேண்டும்.

கான்பூரின் பழைய .32 ரிவால்வர் ஏறக்குறைய 700 கிராம், ஆறு தோட்டா. வெப்ளி வகையைப் பார்த்துச் செய்தது. நடுவில் மடக்கித்தான் தோட்டா போட வேண்டும். 2014-ல் 'நிர்பீக்' என்று ஒன்று வந்தது. டெல்லி சம்பவத்துக்குப் பிறகு பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும் என்று டைட்டானியம் கலந்து 500 கிராமில் செய்தார்கள். விலை அப்போதே 1.22 லட்சம் ரூபாய். 2023-ல் வந்த 'பிரபல்' ரிவால்வரில் தோட்டா உருளை பக்கவாட்டில் திறக்கும்.

இந்த இடத்தில்தான் நண்பர் குறுக்கிட்டார். "அப்போ இருப்பதிலேயே லேசானதுதானே வசதி?" எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறோம். சுமப்பதற்கு எது வசதியோ அது சுடுவதற்கு வசதி அல்ல. துப்பாக்கி லேசாக லேசாக உதைப்பு கூடும். குழல் குட்டையானால் குறி பார்ப்பது கடினம். கைப்பிடி சின்னதானால் விரல் சரியாகப் பிடிக்காது. ரிவால்வரில் சுத்தியலைப் பின்னால் இழுத்து வைக்காமல் நேராகச் சுடுவதென்றால் நான்கைந்து கிலோ எடையை ஒற்றை விரலால் இழுப்பதுபோல விசையை இழுக்க வேண்டும். காலையில் பால் பாக்கெட்டைப் பிரிக்கவே கத்தரிக்கோல் தேடுகிற விரல் நம்முடையது.

பிஸ்டல் தட்டையாக இருக்கும், இடுப்பில் துருத்தாது. ஆனால் முதல் தோட்டாவை ஏற்ற அதன் மேல்பகுதியைப் பலமாகப் பின்னுக்கு இழுத்து விட வேண்டும். மூட்டுவலிக் கைக்கு அது சுலபமில்லை. தளர்வாகப் பிடித்துச் சுட்டால் நடுவில் சிக்கிக்கொள்ளவும் செய்யும். தோட்டா ஒன்று வெடிக்காமல் போனாலும் மறுபடி அந்த இழுப்புதான். ரிவால்வரில் விசையை இன்னொரு முறை இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். ஆகவே நம் வயதுக்கு எது என்று கட்டாயப்படுத்திக் கேட்டால், 700 கிராம் இரும்பு ரிவால்வர் என்றுதான் சொல்வேன். கனம் தொந்தரவுதான், ஆனால் அந்தக் கனம்தான் கையை நிலையாக வைக்கிறது.

சரி, எங்கே வைப்பது? 2016-ம் வருஷத்து ஆயுத விதிகள்படி பொது இடத்துக்குக் கைத்துப்பாக்கியைக் கொண்டுபோனால் உடலோடு சேர்ந்த உறையிலோ அதற்கான பையிலோ இருக்க வேண்டும். முழுக்க மூடியிருக்க வேண்டும். அது நம் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். முக்கால் கிலோ துவரம்பருப்பை வேட்டி பெல்ட்டில் செருகிக்கொண்டு அம்பத்தூர் ஓ.டி. பஸ்ஸில் நின்று பாருங்கள். மே மாதத்தில் பனியன் நனைகிற வியர்வை துப்பாக்கிக்கும் சேரும். உப்பு பட்டால் இரும்பு சும்மா இருக்காது. வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் போட வேண்டும்.

புதுப்பிக்க வரும்போது ஆயுதத்தைக் காட்ட வேண்டும் என்பதால் அந்த நாளில் பல துப்பாக்கிகளைப் பார்த்திருக்கிறேன். துண்டில் சுற்றிக் கொண்டுவருவார்கள். சில துப்பாக்கிகளின் உருளை சுற்றவே சுற்றாது. வாங்கிய அன்று கொடுத்த தோட்டாக்கள் பச்சை படிந்து அப்படியே இருக்கும். "ஒரு தடவையாவது சுட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். கான்பூரில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும், வைத்திருப்பவர் பழகவில்லை என்றால் அதை நம்ப முடியாது. ரைபிள் கிளப்பில் சேர்ந்து மாதாமாதம் சுட்டுப் பழகினால்தான் ஆபத்து நேரத்தில் கை தானாக வேலை செய்யும். நம்மில் எத்தனை பேர் பழகுவோம்?

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அந்த மொழியில் 'ஸ்யூர்' என்று ஒரு சொல் உண்டு. நம்பகமானது என்றும் பொருள், பாதுகாப்பானது என்றும் பொருள். பெல்ஜியத்தின் எர்ஸ்டால் தொழிற்சாலை 1900-ல் கொண்டுவந்த பிரவுனிங் பாக்கெட் பிஸ்டலின் பூட்டுக் குமிழ் அருகே இரண்டே சொற்கள் பொறித்திருக்கும். ஒன்று நெருப்பு, மற்றது 'ஸ்யூர்'. 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும் பெல்ஜிய பிரவுனிங்தான். பாக்கெட் துப்பாக்கி எதற்கும் அந்த இரண்டு நிலைதான். வீட்டில் பூட்டி வைத்தால் எல்லோருக்கும் பாதுகாப்பு, ஆனால் நள்ளிரவில் கண்ணாடியைத் தேடி, சாவியைத் தேடி, பெட்டியைத் திறப்பதற்குள் வந்தவன் கட்டிலருகே நிற்பான். தலையணைக்கு அடியில் வைத்தால் உடனே கைக்கு வரும், ஆனால் லீவுக்கு வந்த பேரன் கைக்கும் வரும். தம் வீட்டில் இந்த இரண்டையும் சேர்த்து 'ஸ்யூர்' ஆக்குவது எப்படி என்று நண்பருக்கும் தெரியவில்லை.

நம் வயதுக்காரர்கள் மறக்க முடியாத தேதி 1967 ஜனவரி 12. போரூருக்குப் பக்கத்தில் ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டார். தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். கழுத்துக் கட்டுடன் எம்.ஜி.ஆர் இருந்த போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டியதும், பரங்கிமலைத் தொகுதியில் அவர் ஜெயித்ததும், குரல் மாறிப்போனதும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதில் படுவது வேறு. சுட்டவர் சுவரேறிக் குதித்த திருடன் அல்ல. பல வருஷம் சேர்ந்து நடித்தவர், வாசல் வழியாக வந்து உட்கார்ந்து பேசியவர். முன்கோபமும் துப்பாக்கியும் ஒரே அறையில் இருந்தால் போதும். அப்படிப்பட்ட அறையை நம் வீட்டில் நாமே ஏன் உண்டாக்க வேண்டும்?

சட்டத்தையும் மறக்கக் கூடாது. தற்காப்பு உரிமை நிச்சயம் உண்டு, ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை. செயினை அறுத்துக்கொண்டு பைக்கில் பறப்பவன்மேல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சுட்டு, குண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பெண்மேல் பட்டால் அந்தக் கேஸை யார் நடத்துவது? லைசென்ஸுக்கு நம் பகுதியில் போலீஸ் கமிஷனரிடம்தான் போக வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் ஆவடிக்குத் தனி கமிஷனரேட் இருக்கிறது. "பயமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் போதாது, யாரால் என்ன ஆபத்து என்று கேட்பார்கள். பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 வருஷம் செல்லும். தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த வாரங்களில் திருடனும் லீவு எடுத்துக்கொள்ள மாட்டான்.

யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நகையும் ரொக்கமும் கொண்டுபோகிற வியாபாரி, உண்மையான மிரட்டல் உள்ளவர், ராணுவத்தில் ஆயுதத்தோடு பழகிய ஆவடிக்காரர்கள் விஷயம் வேறு. அவர்கள் கையும் கண்ணும் சரியாக இருக்கும்வரை வைத்துக்கொள்ளட்டும். அது போகும்போது தாமாகவே ஒப்படைக்கட்டும்.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான். அந்தப் பணத்தில் வாசலுக்கு நல்ல இரும்பு கிரில் கேட் போடுங்கள். கதவைத் திறக்காமல் வெளியே பார்க்க ஒரு வழி வையுங்கள். கொல்லைப்புறத்தில் ராத்திரி முழுக்க எரியும் விளக்கு ஒன்று போடுங்கள். நகையை லாக்கரில் வையுங்கள், அதை லாக்கரில் வைத்துவிட்டீர்கள் என்பது நாலு பேருக்குத் தெரியட்டும். போனில் 112-ஐ ஒரே அழுத்தில் போகும்படி வைத்துக்கொள்ளுங்கள். 'காவல் உதவி' செயலியைப் பேத்தியிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியூர் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து வீட்டுப் பையனிடம் தினமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். நம் கூச்சல் கேட்டு முதலில் ஓடிவரப்போவது அவன்தான்.

நண்பர் யோசிக்கிறேன் என்றார். கேட்டுக்கு வெல்டரைக் கூப்பிட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.