கூடமும் கோணலாயிருக்கலாம்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இப்பழமொழியை நம் வீடுகளில் பெரியோர் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள் என்பதற்குக் கணக்கில்லை. எழுத்து கோணினால் பேனாவைக் குறை சொல்லாதே, தையல் பிரிந்தால் ஊசியைக் குறை சொல்லாதே என்று பிள்ளைகளின் வாயை அடைப்பதற்கு இதனினும் கைகண்ட மருந்து வேறில்லை. பழமொழியில் உண்மை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும், உலகில் எந்தக் கூடமும் கோணலாக இராது என்று அது சொல்லவில்லையே! கூடத்தை ஒரு முறையேனும் நூல் பிடித்துப் பார்த்த பின்பே ஆடியவளைக் குறை சொல்லுதல் நீதியாகும்.

இவ்வாறு எழுதத் தூண்டியது துபாயிலிருந்து நமக்கு வந்த ஒரு மடல். கீழக்கரையிலும் அதைச் சூழ்ந்த கடற்கரை ஊர்களிலும் வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பாத தெருவைக் காண்பது அரிது. அவ்வாறு சென்ற நம் பங்கின் சகோதரர் ஒருவர் அங்கே ஓர் அலுவலகத்தில் கணக்கராயிருக்கிறார். அவருடைய மேலாளர் ஆறடிக்கு மேல் உயரமான ஐரோப்பியர். ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது, தாம் ஆடிவந்த கோல்ஃப் மட்டைகளைப் பையோடு இவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துச் சென்றிருக்கிறார். பாலைவன நாட்டில் கோல்ஃபா என்று வியக்க வேண்டாம். மத்தியக் கிழக்கில் முழுவதும் புல்தரையால் அமைந்த முதல் பேராடுகளம் 1988-இல் துபாயில்தான் திறக்கப்பட்டது.

நம் சகோதரரின் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். ஆறு மாதங்களாக விடுமுறை நாள்தோறும் பழகுகிறார். பந்தோ இடப்பக்கமாகவே போகிறது. உடன் பழகுவோர் நகைக்கிறார்கள். "உமக்கு இந்த ஆட்டம் வராது" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம். கடையில் கேட்டால், அளவு பார்த்துப் புதிய மட்டைகள் வாங்கினால் சரியாகிவிடும் என்று ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலான தொகையைச் சொல்கிறார்கள். "சுவாமி, குறை என்னிடமா, மட்டையிடமா? வாங்கலாமா, வேண்டாமா?" என்பது அவருடைய கேள்வி. மடலின் இறுதியில், போகிற போக்கில் ஒரு வரி: "மகனுக்குக் கிரிக்கெட் மட்டை அனுப்பியிருக்கிறேன். வளரும் பிள்ளையாதலால் பெரிய மட்டையாகவே வாங்கினேன்."

இது பங்குத் தந்தையிடம் கேட்கும் கேள்வியா என்று சிலர் நகைக்கலாம். ஒரு மாதச் சம்பளம் என்பது ஒரு குடும்பத்தின் செய்தி. அந்தக் கடைசி வரியோ நம்மை இன்னும் அதிகமாகவே உறுத்தியது. ஆகவே, படித்தும் விவரம் அறிந்தோரிடம் கேட்டும் தெளிந்ததை இங்கே எழுதுகிறோம்.

கோல்ஃப் நம் நாட்டுக்குப் புதியதன்று. கல்கத்தாவில் 1829-இலும் நம் கொடைக்கானலில் 1895-இலும் அதற்கெனக் கழகங்கள் தோன்றிவிட்டன. தொடக்க காலத்தில் மட்டையின் தண்டு ஹிக்கரி என்னும் மரத்தால் ஆனது. கைவினைஞர் ஒருவர் ஆடுபவரைப் பார்த்து, அவர் கைக்கேற்ப இழைத்துக் கொடுப்பார். 1920-களில் அமெரிக்காவும் பின்னர் பிரிட்டனும் எஃகுத் தண்டுக்கு இசைவளித்தன. எஃகு வந்ததும் ஆலை வந்தது. ஆலை வந்ததும் "பொது அளவு" வந்தது. சராசரி மனிதன் ஒருவனைக் கற்பனை செய்து, அவனுக்கென்று ஆயிரக்கணக்கில் மட்டைகளைச் செய்து குவித்தார்கள். அந்தச் சராசரி மனிதன் எவர் வீட்டிலும் பிறந்தவன் அல்லன்.

இதை மாற்றியவர்களுள் முதன்மையானவர் கார்ஸ்டன் சோல்ஹைம். 1911-இல் நார்வேயில் பிறந்து, குழந்தையாக அமெரிக்காவுக்கு வந்தவர். தந்தையாரோடு செருப்புத் தைத்தவர், பின்னர் பொறியாளரானார். பிங் என்னும் பெயரில் மட்டைகள் செய்யத் தொடங்கி, 1970-களில் ஆடுபவரின் உயரத்தையும் மணிக்கட்டிலிருந்து தரை வரையுள்ள தொலைவையும் அளந்து, அதற்கேற்ற சாய்வுடைய மட்டைக்கு ஒரு வண்ணப் பொட்டு வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். காலுக்குச் செருப்பா, செருப்புக்குக் காலா என்பது செருப்புத் தைத்தவருக்குத் தெரியாதா?

இனி, நம் சகோதரரின் மட்டைக்கு வருவோம். மட்டையின் அடிப்பாகம் தரையில் சமமாகப் படியும்போது, தண்டு தரையோடு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சாய்ந்து நிற்கும். உயரமானவரின் மட்டை நீளமாகவும் செங்குத்தாகவும் இருக்கும். அதைக் குள்ளமானவர் பிடித்தால் அவர் கை தாழ்ந்து நிற்பதால், மட்டையின் குதி தரையில் ஊன்றி, நுனி மேலே தூக்கிக்கொள்ளும். நுனி தூக்கிய மட்டையின் முகம், வலக்கையாளருக்கு, இடப்பக்கம் திரும்பிவிடும். அவர் நேராகவே அடித்தாலும் பந்து இடப்பக்கம்தான் போகும். குள்ளமானவரின் மட்டையை நெட்டையானவர் எடுத்தாலோ குதி எழும்பிப் பந்து வலப்பக்கம் போகும்.

இதைக் கண்டறியக் காசு செலவில்லை. மட்டையின் அடியில் ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி, ஒரு பலகையின் மீது பந்தை வைத்துச் சில முறை அடித்துப் பார்க்கட்டும். தாளில் உராய்ந்த தடம் நடுவில் இருந்தால் மட்டை பொருத்தமானது. குதிப்பக்கம் இருந்தால் மட்டை அவருக்குச் செங்குத்து; நுனிப்பக்கம் இருந்தால் படுக்கை. தடம் குதிப்பக்கம்தான் இருக்கும் என்பது நம் ஊகம்.

நின்ற நிலையில் அளந்தால் போதாதா, அடித்துத்தான் பார்க்க வேண்டுமா என்று கேட்கலாம். போதாது. வீசும்போது கைகள் நின்ற நிலையைவிட மேலெழும். தண்டும் வேகத்தில் சற்று வளையும். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கை நீளமாயிருக்கும். மற்றவர் முழங்காலை மடக்கி ஆடுவார். தையற்காரர் எடுக்கும் அளவு தொடக்கத்துக்கு உதவும். முடிவைச் சொல்வது வீச்சே.

தண்டின் விறைப்பு வேறொரு செய்தி. வேகமாக வீசுபவருக்கு விறைத்த தண்டும் மெதுவாக வீசுபவருக்கு வளையும் தண்டும் ஏற்றவை. மெதுவாக வீசுபவர் விறைத்த தண்டை எடுத்தால் பந்து பெரும்பாலும் தாழப் பறந்து வலப்பக்கம் சாயும். நம் சகோதரருக்கு இடப்பக்கம் போவதால் முதற்குற்றவாளி அதுவன்று. இந்த விறைப்பைக் குறிக்கத் தண்டில் எழுத்துகள் பொறிக்கிறார்கள்; ஆனால் ஒரு நிறுவனத்தின் எழுத்து இன்னொன்றின் எழுத்தோடு ஒத்திருப்பதில்லை. நம் ஊர்க் கடைகளில் ஆயத்தச் சட்டை வாங்குவோருக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும்!

பிடியின் பருமனையும் கவனிக்க வேண்டும். இடக்கையால் பிடிக்கும்போது நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையை இலேசாகத் தொட வேண்டும். விரல் நுனி கையில் குத்தினால் பிடி மெல்லியது. தொடாமல் நின்றால் தடித்தது. மெல்லிய பிடியில் மணிக்கட்டு அளவுக்கு மீறிச் சுழன்று, பந்து இடப்பக்கம் போவதும் உண்டு. பிடியை மாற்றுவது சிறு செலவே.

கை அறியும் அளவை எந்தக் கருவியும் எளிதில் மிஞ்சாது. 1930-இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும்போட்டிகளையும் வென்றவர் அமெரிக்கரான பாபி ஜோன்ஸ். அவர் தம் மட்டைகளைக் கையுணர்வால் மட்டுமே ஒவ்வொன்றாகத் தேர்ந்து சேர்த்தவர். பல்லாண்டுகள் கழித்து அவற்றைக் கருவியில் வைத்துச் சோதித்தபோது ஒன்று தவிர மற்றவையெல்லாம் ஒத்திருந்தன என்றும், ஒவ்வாத அந்த ஒன்றுதான் அவருக்கு என்றும் தொல்லை கொடுத்தது என்றும் கூறுவர்.

ஆக, நம் சகோதரருக்கு நாம் சொல்வது இது: முதலில் மட்டையை ஓரங்குலம் கீழே இறக்கிப் பிடித்து ஆடிப் பாரும், இதற்கு ஒரு காசும் வேண்டியதில்லை. பிறகு ஒட்டுத்தாள் சோதனை செய்யும். தடம் குதிப்பக்கமே இருந்தால், மட்டைத்தலை வார்ப்பிரும்பா, அடித்துச் செய்த மெல்லிரும்பா என்று பழுதுபார்க்கும் கடையில் கேளும். மெல்லிரும்பாயின் ஓரிரு பாகை வளைத்துத் தருவார்கள். தண்டை வெட்டிக் குறைப்பதாயின் அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் வெட்ட வேண்டாம். வெட்ட வெட்டத் தண்டு விறைப்பாகும், தலை இலேசாகத் தோன்றும். புதிய மட்டைகளை இப்போது வாங்க வேண்டாம். இப்போதெல்லாம் கடைகளில் ராடார் வைத்துப் பந்தின் வேகத்தையும் எழும் கோணத்தையும் அளக்கிறார்கள், அவ்வளவு பொய்யன்று. ஆனால், அவர்கள் அளப்பது உம்முடைய இன்றைய வீச்சை. ஆறு மாதம் பழகியவரின் வீச்சு அடுத்த ஆறு மாதத்தில் மாறிவிடும். வளரும் பையனுக்குக் கல்யாணக் கோட்டுத் தைப்பார் உண்டா? மட்டையைச் சீர்செய்த பின்னும் பந்து இடப்பக்கமே போனால், அப்போது கூடம் நேர்; குறை ஆட்டத்தில். நல்ல ஆசிரியர் ஒருவரிடம் சில பாடங்கள் கேளும்.

இவையெல்லாம் நம் மக்களுக்குத் தெரியாதவை அல்ல. இராமநாதபுரம் சீமையில் பனையேறும் தொழிலாளியின் தளைநாரைப் பாருங்கள். ஒருவர் காலுக்கு முடிந்தது மற்றவர் காலுக்குப் பொருந்தாது. பொருந்தாததை மாட்டிக்கொண்டு ஏறினால் உயிருக்கே ஆபத்து. சிலம்ப ஆசான்களும், தரையில் ஊன்றினால் மாணவனின் நெற்றியைத் தொடும் கம்பையே கையில் கொடுப்பர். தமிழக அரசு 2021-இல் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு வேலை ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்த பிறகு, அப்பாவின் கம்பைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வரும் சிறுவர்களைக் காண்கிறோம். மூங்கிலோ பிரம்போ, பிள்ளை வளர வளரப் புதுக்கம்பு வெட்டிக் கொடுப்பது பெருஞ்செலவன்று. தாவீதுக்குச் சவுல் அரசர் தம் கவசத்தை அணிவித்த செய்தியை நம் குழந்தைகளும் அறிவார்கள். கவசம் உயர்ந்தது, அன்போடு கொடுக்கப்பட்டது. ஆயினும் அதை அணிந்து அச்சிறுவனால் நடக்க இயலவில்லை. கழற்றி வைத்துவிட்டுத் தன் கைக்குப் பழகிய கோலையும் கவணையும் எடுத்துக்கொண்டான். தாவீதைக் கோழை என்று எவரும் சொல்லவில்லை.

மடலின் கடைசி வரிக்கு வருவோம். அந்தச் சிறுவனை நாம் பார்த்தோம். வயது பத்து. தகப்பனார் அனுப்பிய மட்டை அவன் விலாவை எட்டுகிறது. பிடியின் அடிப்பகுதியில் இரு கைகளையும் நெருக்கிப் பிடித்து வீசுகிறான். மணிக்கட்டில் துணி சுற்றியிருக்கிறது. "நன்றாகச் சாப்பிடு, வலு வந்துவிடும்" என்கிறார்கள் வீட்டார். விளையாட்டில் அவனைச் சேர்ப்பதற்குத் தெருப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். "அப்பா ஆசையாக வாங்கியது, வேண்டாமென்று எப்படிச் சொல்வது?" என்று அவன் நம்மிடம் மெதுவாகக் கேட்டான்.

பெற்றோர்களே, மட்டையைக் காலோரம் தரையில் நிறுத்தினால் அதன் பிடி பிள்ளையின் இடுப்பு மூட்டளவில் நிற்க வேண்டும். பிடியின் மேற்பக்கத்தைப் பிடிக்கும் கை ஒன்றினாலேயே மட்டையை முன்னே நீட்டிச் சற்றுநேரம் தாங்க முடிய வேண்டும். கை நடுங்கினால் அது அவனுக்குரியதன்று. சச்சின் டெண்டுல்கர் சிறுவயதில் அண்ணனின் பெரிய மட்டையால் ஆடியதால்தான் பிடியைக் கீழே இறக்கிப் பிடிக்கப் பழகினார் என்று எடுத்துக்காட்டுவோர் உண்டு. உண்மைதான். ஆனால், பெரிய மட்டையால் கை நொந்து ஆட்டத்தையே விட்ட சிறுவர்களின் பெயரை எந்தச் செய்தித்தாளும் அச்சிடுவதில்லை. சட்டையைப் பெரிதாகத் தைத்தால் மடித்துவிடலாம். மட்டையை மடிக்க இயலாது. அனுப்பிய மட்டையை எண்ணெய் தடவித் துணி சுற்றிப் பரணில் வைத்தால் மூன்றாண்டுகளில் அது அவனுக்குரியதாகும். அதுவரை டென்னிஸ் பந்துக்கு, நம் ஊர்த் தச்சர் இலேசான மரத்தில் ஒரு மட்டை செதுக்கித் தருவார். தந்தையாருக்கு அவனே கடிதம் எழுதட்டும். அவர் வருந்த மாட்டார்.

இடக்கைப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். இடக்கையால் வீசும் பிள்ளையை அடித்துத் திருத்தும் வழக்கம் நம்மிடையே முற்றும் ஒழியவில்லை. நீதித் தலைவர்கள் நூலில் வரும் பென்யமின் குலத்தாரின் எழுநூறு இடக்கைக் கவண்வீரர்கள் மயிரிழையும் தப்பாமல் குறி வைத்தவர்கள். எழுதும் கை ஒன்றும் வீசும் பக்கம் வேறொன்றுமாக இருப்பதும் உண்டு. அமெரிக்கரான ஃபில் மிக்கல்சன் மற்றெல்லாவற்றிலும் வலக்கையாளர். தந்தையின் எதிரே நின்று, கண்ணாடியில் பார்ப்பதுபோல் அவர் வீச்சைப் பழகியதால் கோல்ஃபில் மட்டும் இடக்கையாளரானார். எனவே, பிள்ளையின் கையில் விளக்குமாற்றுக் கம்பைக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல், எப்பக்கம் வீசுகிறான் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கோல்ஃப் மட்டைகளில் பெரும்பாலானவை ஒரே பக்கம் முகமுடையவை. வலக்கையாளரின் பழைய மட்டை இடக்கையாளருக்கு உதவாது. கிரிக்கெட் மட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. சிலம்பக் கம்புக்கோ இடமும் வலமும் இல்லவே இல்லை. நீளத்தைப் பார்த்தால் போதும்.