மலைப்பாதையும் மாதத் தவணையும்

சில வாரங்களுக்கு முன் சித்தூரைச் சேர்ந்த மாம்பழ வணிகர் ஒருவர் என் எதிரே அமர்ந்து, இரண்டு விலைப்பட்டியல்களை மேசைமீது வைத்தார். ஒன்று, ஏழு பேர் அமரக்கூடிய குடும்ப எஸ்யுவி. பதிவு, காப்பீடு உட்பட ஏறத்தாழ 20 இலட்சம் ரூபாய். மற்றொன்று, வேகத்துக்குப் பெயர்பெற்ற ஆடம்பர எஸ்யுவி, 60 இலட்சம். "இரண்டில் எதற்குக் கடன் கிடைக்கும், சார்?" என்றார். அவருடைய வருமான வரிக் கணக்குகள் ஒழுங்காக இருந்தன. இரண்டுக்குமே கிடைக்கும் என்றேன். "அப்படியானால் எதை வாங்கலாம்?" என்று கேட்டார். முதல் கேள்விக்கு விடை சொல்வது என் அலுவல். இரண்டாவது கேள்விக்கு நான் சொன்ன விடையையே இங்கு எழுதுகிறேன்.

ஆடம்பர வாகனத்தின் மீதுள்ள ஆசையை நான் குறைகூறவில்லை. இருபது ஆண்டுகள் மண்டியில் நின்று உழைத்தவருக்கு அந்த ஆசை கொள்ள உரிமை உண்டு. ஆயினும், ஆசையின் விலையை முழுமையாகக் கணக்கிட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

விலையில் நான்கில் மூன்று பங்கு கடன் என்று கொள்வோம். முதல் வாகனத்துக்கு 15 இலட்சம். இரண்டாவதற்கு 45 இலட்சம். எடுத்துக்காட்டாக ஆண்டுக்கு 9 சதவீத வட்டி, ஏழு ஆண்டுத் தவணை எனில், மாதந்தோறும் செலுத்த வேண்டியது முறையே சுமார் 24,130 ரூபாயும் 72,400 ரூபாயும் ஆகும். ஏழு ஆண்டுகளில் இரண்டாவது கடனுக்கு வட்டி மட்டுமே 15.8 இலட்சத்தைத் தாண்டுகிறது. அதாவது, முதல் வாகனத்துக்கு வாங்கும் கடன்தொகை முழுவதையும்விட அதிகம். இதைக் கேட்டதும் வணிகர் தம் கைப்பேசியில் ஒருமுறை தாமே கணக்கிட்டுப் பார்த்துக்கொண்டார்.

தேய்மானத்தையும் மறக்கலாகாது. காப்பீட்டுத் துறையின் வழக்கமான அட்டவணைப்படி, நான்கு ஆண்டுகளைக் கடந்த வாகனத்தின் காப்பீட்டு மதிப்பு பட்டியல் விலையில் பாதியாகக் குறைகிறது. விகிதம் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் இழக்கும் தொகை ஒன்றல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யுவிகளுக்குக் கூடுதல் தீர்வை நீங்கி, சரக்கு மற்றும் சேவை வரி 40 சதவீதமாகியுள்ளது. வரி குறைந்ததைக் காரணம் காட்டி, திட்டமிட்டதைவிடப் பெரிய வாகனத்துக்குத் தாவுவோரையும் காண்கிறேன். மிச்சமாகும் தொகை அவ்வாறு கடனாக மாறிவிடுகிறது.

இனி, வாகனம் ஓடப்போகும் சாலையைப் பார்ப்போம். சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அங்கிருந்து திருமலைக்குச் செல்ல இரண்டு மலைப்பாதைகள் உள்ளன: 1944இல் திறக்கப்பட்டது இறங்குவதற்கு, 1974இல் அமைந்தது ஏறுவதற்கு. விபத்துகளைத் தவிர்க்கப் பயணத்துக்குக் குறைந்தபட்ச நேரம் விதிக்கப்பட்டுள்ள பாதை அது. எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் அங்கு முன்னதாகப் போய்ச் சேர்வதற்கு அனுமதி இல்லை. அங்கே தேவைப்படுபவை நல்ல பிரேக், நிதானமான ஓட்டம், முதியவர்கள் எளிதில் ஏறி அமரும் இருக்கை ஆகியவையே.

அவர் வீட்டில் தாயாரையும் சேர்த்து ஆறு பேர். டாடா சஃபாரி போன்ற மூன்று வரிசை வாகனத்தில் அறுவரும் ஒன்றாகச் செல்லலாம். பிஎம்டபிள்யூ எக்ஸ்1, எக்ஸ்3 போன்றவை ஐந்து பேருக்கானவை. காணிப்பாக்கம் சென்றாலும் திருமலை சென்றாலும் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், அல்லது இன்னொரு வண்டி எடுக்க வேண்டும். மேலும், விளையாட்டு வகை வாகனங்களின் பக்கவாட்டு உயரம் குறைந்த டயர்கள் குழிகளில் எளிதில் சேதமடையும். பழுது பார்க்கும் நிலையம் சென்னையிலோ பெங்களூரிலோதான் எனில், அந்த அலைச்சலும் செலவே.

எல்லாவற்றிலும் முக்கியமானது வருமானத்தின் இயல்பு. மாம்பழ வணிகரின் பணம் கோடைப் பருவத்தில் வருகிறது; தவணையோ பன்னிரண்டு மாதமும் வருகிறது. 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் தோத்தாபுரி விலை சரிந்து, கிலோவுக்கு 4 ரூபாய் மாநில அரசே வழங்க நேர்ந்ததை இம்மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய ஓர் ஆண்டில் 24,000 ரூபாயைச் சமாளிக்கலாம். 72,000 ரூபாய்க்குக் கொள்முதல் முதலில் கைவைக்க நேரிடும். அடுத்த பருவத்தில் தோட்டக்காரருக்கு முன்பணம் கொடுக்க இயலாத வணிகர், வாகனத்தை மட்டுமன்றித் தொழிலையும் பணயம் வைத்தவர் ஆகிறார்.

ஆடம்பர வாகனம் யாருக்கும் கூடாது என்பதல்ல என் கருத்து. ஓராண்டுத் தவணைக்கும் வீட்டுச் செலவுக்கும் தேவையான தொகை வைப்பில் இருந்து, பிள்ளைகளின் கல்விக்கும் குடும்பத்தின் மருத்துவத்துக்கும் தனி ஏற்பாடு செய்தபின், விலையில் பாதியையாவது கையிலிருந்து செலுத்த இயலுமானால், தாராளமாக வாங்கலாம். அந்நிலையை எட்டாதவருக்குக் குடும்ப வாகனமே உகந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

பெரிய கடன் வழங்கினால் என் கிளையின் கணக்கு வளரும் என்பதை நான் அறிவேன். எனினும், கடன் தகுதி என்பது வங்கி எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மட்டுமே காட்டும். நீங்கள் எவ்வளவு வாங்கலாம் என்பதை உங்கள் வீட்டுக் கணக்கேடுதான் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன், உங்கள் வருமானம் மிகவும் குறைந்திருந்த ஆண்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்த ஆண்டிலும் செலுத்த முடிந்திருக்கும் தவணையே உங்களுக்கு ஏற்ற தவணை.

வணிகர் இரண்டு பட்டியல்களையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அம்மாவை அழைத்துச் சென்று இரண்டிலும் உட்கார வைத்துப் பார்க்கிறேன், சார்" என்று சொல்லி விடைபெற்றார். அதைவிட நல்ல சோதனை ஓட்டம் எனக்குத் தெரியவில்லை.