ஒருவர் பறக்கப் பலர் வேண்டும்!

ஆகாய விமானத்துக்கு உயிர் அதன் இயந்திரம். அந்த இயந்திரமே இல்லாமல் பறக்கும் விமானமும் உண்டு. அதன் பெயர் கிளைடர். நீண்ட இறக்கை, ஒடுங்கிய உடல், ஒருவரோ இருவரோ உட்கார இடம். அவ்வளவுதான். பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டமிடுகிறதே, அதே வித்தைதான் இதுவும்.

முதல் உலக யுத்தம் முடிந்ததும், 1919-ல் ஏற்பட்ட வெர்சேல்ஸ் உடன்படிக்கை ஜெர்மனியின் விமானத் தொழிலைக் கட்டிப்போட்டது. இயந்திரம் இல்லாத விமானத்துக்குத் தடை இல்லை. ஆகவே ஜெர்மன் வாலிபர்கள் 1920-ல் வாசர்குப்பே என்ற மலைக்குக் கிளைடர்களைக் கொண்டு சென்று போட்டி நடத்தினார்கள். அந்த ஆசை இங்கிலாந்தையும் தொற்றிக்கொண்டது. 1930-ல் லண்டன் கிளைடிங் கிளப் தோன்றியது. லண்டனுக்கு வடக்கே, டன்ஸ்டபிள் குன்றுகளின் அடிவாரத்தில் அது இன்றும் நடக்கிறது. மேல்காற்று குன்றில் மோதி மேலே எழும்பும். அந்தக் காற்றின்மீது கிளைடர்கள் சவாரி செய்யும்.

பறப்பது 5 நிமிடம்!

சனி, ஞாயிறு வந்தால் இத்தகைய கிளப்புகளில் காலையிலேயே ஆட்கள் கூடிவிடுவார்கள். கொட்டகையிலிருந்து விமானங்களை வெளியே தள்ளிக்கொண்டு வருவதே முதல் வேலை. மைதானத்தின் மறுகோடியில் 'விஞ்ச்' என்னும் இழுவை இயந்திரம் நிற்கும். அதிலிருந்து சுமார் 1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கயிறு வரும். அதை விமானத்தில் மாட்ட ஒருவர். இறக்கை நுனியைப் பிடித்துக்கொள்ள ஒருவர். வானம் காலியாக இருக்கிறதா என்று பார்க்க ஒருவர். சைகை காட்ட ஒருவர். விஞ்சை ஓட்ட ஒருவர். யார் எப்போது ஏறினார், எப்போது இறங்கினார் என்று கணக்கு எழுத ஒருவர்.

கயிறு இழுத்தால், ஒரு நிமிடத்துக்குள் கிளைடர் 1,000 அடிக்கு மேல் போய்விடும். அங்கே மேலெழும் வெப்பக் காற்று அகப்பட்டால் மணிக்கணக்கில் பறக்கலாம். அகப்படாவிட்டால் ஐந்தாறு நிமிடத்தில் தரைக்கு வரவேண்டியதுதான். மறுபடியும் வரிசை!

"5 நிமிடம் பறப்பதற்கு நாள் முழுவதும் குளிரில் நிற்பதா? பணம் கட்டுகிறோம், நேரம் சொல்லுங்கள், பறந்துவிட்டுப் போகிறோம்" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். குழந்தை குட்டிகள் உள்ளவர்களுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தானே ஓய்வு? புதிதாக வருபவருக்கு நேரம் குறித்துக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் எல்லோருமே அப்படி வந்து போனால், இறக்கையைப் பிடிப்பது யார்?

'ஸ்டாப்!'

இறக்கை பிடிப்பது எடுபிடி வேலை அல்ல. புறப்படும் வேகத்தில் ஒரு பக்க இறக்கை சாய்ந்து புல்லில் சிக்கினால், விமானம் குட்டிக்கரணம் அடித்துவிடும். கண்ணாடி மூடி சரியாகப் பூட்டாமல் இருக்கலாம். பின்னால் வேறொரு விமானம் இறங்கிக்கொண்டிருக்கலாம். உள்ளே இருப்பவருக்குத் தெரியாதது வெளியே நிற்பவருக்குத் தெரியும்.

அதனால் பிரிட்டிஷ் கிளப்புகளில் ஓர் அருமையான வழக்கம் இருக்கிறது. ஆபத்தைக் கண்டவர் யாராயிருந்தாலும் 'ஸ்டாப்!' என்று கத்தலாம். உடனே எல்லாம் நிற்கவேண்டும். முப்பது வருட அனுபவம் உள்ள விமானியை 14 வயதுப் பையன் நிறுத்தலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த உரிமை எத்தனை ஆபீசுகளில் இருக்கிறது?

ஆனால் எதைக் கண்டால் கத்தவேண்டும் என்பது பல நாள் வெளியே நின்று பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். அந்தப் பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

வயலில் இறங்கினால்?

தொலைதூரம் போனவரைக் காற்று கைவிட்டுவிடுவதும் உண்டு. அவர் யாரோ ஒரு விவசாயியின் வயலில் இறங்கி, கிளப்புக்கு டெலிபோன் செய்கிறார். நண்பர்கள் நீண்ட டிரெயிலரைக் காரில் மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். இறக்கை வேறு, உடல் வேறாகக் கழற்றி ஏற்றிக்கொண்டு இருட்டில் திரும்புகிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு வாங்கித் தருவது இறங்கியவரின் பொறுப்பு. இது எழுதாத சட்டம்!

அன்றைய பறப்பு முடிந்து, விமானங்களைத் துடைத்துக் கொட்டகைக்குள் அடுக்கிய பிறகுதான் சிரிப்பும் அரட்டையும், மதுக் கோப்பையும். யார் எவ்வளவு உயரம் போனார் என்ற பெருமை ஒரு பக்கம். தன் முறைக்கு மட்டும் சரியாக வந்து, தள்ளும் நேரத்தில் மறைந்துவிடுபவரைப் பற்றிய முணுமுணுப்பு இன்னொரு பக்கம். அந்த முணுமுணுப்பிலும் நியாயம் இருக்கிறது.

ஊர் கூடித் தேர் இழுக்கவேண்டும் என்பார்கள். இந்தத் தேரில் ஒரு விசேஷம்: இழுப்பவர்களே முறை வைத்து ஏறிக்கொள்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு ஆளைப் பறக்கவிட்டால் அது கம்பெனி. ஒருவரை ஒருவர் பறக்கவிட்டால்தான் அது கிளப். பறக்க ஆசைப்படுகிறவர் முதலில் தள்ளக் கற்றுக்கொள்ளட்டும்!