சகஜம் என்று தள்ளத் தகாத உபாதை

குடிகாடு என்றவுடன் கடலூர்வாசிகளுக்கு நினைவு வருவன உப்பனாற்றங்கரையும், சிப்காட் தொழிற்சாலைகளும், அவற்றிலிருந்து வீசும் நாற்றமுமே. அந்தக் காற்றைச் சுவாசித்து இருமுகிறோம் என்று அவ்வூரார் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். ஆனால் நாட்பட்ட இருமல் எந்த ஊரிலாயினும் பிள்ளை பெற்ற ஸ்திரீகளுக்கு உண்டாக்கும் மற்றோர் உபாதை எந்த மனுவிலும் ஏறுவதில்லை. இருமினாலும் தும்மினாலும், குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாலும், தம்மையறியாமல் சிறுநீர் கசிந்துவிடுவதே அது.

"பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்" என்று வீட்டுப் பெரியவர்கள் ஒரே வாக்கியத்தில் தீர்ப்பளித்து விடுகின்றனர். டாக்டரிடம் சொல்லவோ லஜ்ஜை இடங்கொடுப்பதில்லை. தலைச்சுமையாய் மீன் விற்கச் செல்பவளும், பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரி உடைக்க உட்காருபவளும், பழஞ்சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு, பஸ் ஏறும் நாளில் தண்ணீர் குடியாதிருப்பதையே வைத்தியமாகக் கொள்கின்றனர். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்துமேயன்றிக் கசிவு நிற்பதில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணமும் தவறே. அந்த அறுவையால் இவ்வுபாதை தீர்வதில்லை, சிலருக்கு அதன் பிறகே அதிகரிப்பதும் உண்டு.

இடுப்புக் கூட்டின் அடியில் தூளித்துணி போல் கட்டப்பட்டு, மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் தாங்கி நிற்கும் தசைகள், கர்ப்பபாரத்தாலும் பிரசவத்தாலும் தளர்கின்றன. சிசேரியன் செய்துகொண்டவர்களும் இதற்கு முற்றிலும் விலக்கல்லர். தளர்ந்த தசையை அப்பியாசத்தால் மீட்கலாம் என்பதை அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்டு கெகல் 1948-லேயே எழுதி வெளியிட்டார். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நெறிகள், குறைந்தது மூன்று மாதம், நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு எட்டு முறையேனும் இத்தசைகளைச் சுருக்கி விடும் பயிற்சியை, தேர்ந்தவர் மேற்பார்வையில், முதற்சிகிச்சையாகவே விதிக்கின்றன. பிரான்ஸிலோ பிரசவித்த தாய்க்கு இப்பயிற்சியின் செலவைச் சமூகக் காப்புறுதியே ஏற்கிறது.

மேற்பார்வை என்ற நிபந்தனையைச் சம்பிரதாயமாக எண்ணலாகாது. காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் உள்ளிழுத்து, சில விநாடி நிறுத்தி, பின் முழுதும் தளர்த்த வேண்டிய இவ்வப்பியாசத்தில், மூச்சைப் பிடித்து வயிற்றை முக்குவோரும், தொடையையும் பிருஷ்டத்தையும் மட்டும் இறுக்குவோரும் பலர். முக்குகிறவளுக்குப் பிரயோஜனத்துக்கு மாறாகக் கேடே விளையும். எனவே துண்டுப் பிரசுரம் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்துக் கை கழுவுவதை நாம் ஏற்பதற்கில்லை.

புற்றுநோயும் நீரிழிவும் காத்திருக்கையில் உயிருக்கு அபாயமில்லாத இதற்கு என்ன அவசரம் என்று சிலர் கேட்கக்கூடும். மருந்தும் கருவியும் வேண்டாத ஒரு சிகிச்சையை வரிசையில் நிறுத்தி வைப்பதால் சர்க்காருக்கு மிச்சமாவது ஒன்றுமில்லை என்பதே நம் விடை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. அதாவது, அநேகமாக ஒவ்வொரு தாயும் ஒரு நர்ஸின் முன்னே வந்தே தீருகிறாள். அந்தச் சமயத்தில் குழந்தையின் எடையை எழுதிக்கொள்ளும் கை, "இருமும்போது கசிகிறதா, அம்மா?" என்ற ஒரு கேள்விக்கும் ஒரு கட்டம் போட்டுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே இயன்முறை மருத்துவர் வீட்டு வாசலுக்கே வருகிறார். பக்கவாதத்தால் விழுந்த கையை உயர்த்தப் பழக்குகிறவர் இதையும் பழக்குவதற்குத் தேவை, தனிப் பயிற்சியும், கூட ஒரு பெண் ஊழியருமே.

ஆகவே, சிதம்பரத்திலுள்ள அரசு கடலூர் மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வாரத்தில் ஒரு நாளேனும், திரையிட்ட அறையில், பெண் இயன்முறை மருத்துவரைக் கொண்டு இதற்கெனப் பிரத்தியேகப் பிரிவை நடத்த வேண்டும். பிராஸ்டேட் அறுவைக்குப்பின் இதே சங்கடத்தில் தவிக்கும் ஆடவர்க்கும் அங்கே இடம் வேண்டும். வட்டார இயன்முறை மருத்துவர்களுக்கு அங்கேயே பயிற்சியளித்து, முதலாவதாகக் குடிகாட்டுக்கு அனுப்புமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.