நடுக்களத்தை நாடாவால் அளக்க முடியாது

உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கான பலோன் டி'ஓர் விருதைக் குரோஷியாவின் லூகா மோட்ரிச் 2018ஆம் ஆண்டுக்குப் பெற்றபோது, அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளாக மெஸ்ஸியும் ரொனால்டோவும் மட்டுமே வாங்கிவந்த வரிசை முடிவுக்கு வந்தது. கோல் கணக்கை வைத்துப் பார்த்தால் இந்தத் தேர்வு விளங்காது. ரியல் மாட்ரிட் அணிக்காக 13 பருவங்களில் 597 ஆட்டங்கள் ஆடிய மோட்ரிச் அடித்தவை 43 கோல்கள். அதே அணியின் ரொனால்டோ 2014-15 பருவத்தில் மட்டும் 61 கோல்கள் அடித்தார். ஆனாலும் அந்த 13 பருவங்களில் ரியல் மாட்ரிட் வென்ற ஆறு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளிலும் மோட்ரிச்சுக்குப் பங்கு உண்டு. நடுக்கள ஆட்டக்காரரின் மதிப்பைக் கோல் பட்டியல் சொல்லாது என்பதைப் பெரியவர்களின் ஆட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். சிறுவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் அது மறந்துபோகிறது. உயரம், ஓட்டம், கோல் எண்ணிக்கை என்று கண்ணில் படுவதை வைத்தே பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானித்துவிடுகிறார்கள். நடுக்களத்துக்கு இதைவிடத் தவறான அளவுகோல் இல்லை.

மோட்ரிச்சின் பாதையே இதற்குச் சான்று. 1985இல் ஸாதர் நகரில் பிறந்த அவர், யுகோஸ்லாவியா உடைந்த போரில் வீட்டை இழந்து, குடும்பத்தோடு விடுதிகளில் அகதியாக வளர்ந்தார். குரோஷியாவின் புகழ்பெற்ற ஹய்துக் ஸ்ப்ளிட் கழகம், உடல் மிகச் சிறியது என்று அவரைத் திருப்பி அனுப்பியது. ஸாதரில் அவருக்குக் கற்றுத்தந்த பயிற்சியாளர் தோமிஸ்லாவ் பாஷிச் மட்டும் கைவிடவில்லை. 16 வயதில் டினாமோ ஸாக்ரெப் அவரைச் சேர்த்துக்கொண்டாலும் முதல் அணியில் உடனே இடம் தரவில்லை. இரவலாக அண்டை நாடான போஸ்னியாவுக்கு அனுப்பியது. முரட்டுத்தனத்துக்குப் பேர்போன அந்த லீக்கில் ஸ்ரின்ஸ்கி மோஸ்டார் அணிக்காக ஆடி, தொடரின் சிறந்த வீரர் என்ற பெயரோடு திரும்பினார். பிறகு இன்னொரு சிறிய கழகத்துக்கு மீண்டும் இரவல். டினாமோவுக்காக மூன்று லீக் பட்டங்கள் வென்று, இங்கிலாந்தின் டாட்டன்ஹாமுக்குப் போனபோது வயது 22. மாட்ரிட் போனபோது 27 ஆகவிருந்தது. அங்கும் முதல் சில மாதங்களிலேயே, ஸ்பெயினின் மார்கா நாளிதழ் வாசகர்கள் அந்தப் பருவத்தின் மோசமான ஒப்பந்தம் அவரே என்று வாக்களித்தார்கள். உலகின் சிறந்த வீரர் என்ற விருது கைக்கு வந்தபோது வயது 33. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் அவரைப் பற்றி அவசரமாக முடிவு கட்டினார். ஒவ்வொரு முறையும் காலம் அந்த முடிவை மாற்றியது.

ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதற்கு அந்த இடத்தின் வேலையிலேயே விடை இருக்கிறது. ஓரத்தில் ஆடுபவருக்கு ஒரு பக்கம் எல்லைக்கோடு காவல். முன்களத்தில் நிற்பவரின் இலக்கு கண்ணெதிரே இருக்கிறது. நடுக்களத்தில் நிற்பவரை எதிரணி எந்தத் திசையிலிருந்தும் நெருங்கலாம். பந்து காலுக்கு வந்த பிறகு சுற்றிப் பார்த்தால் அதற்குள் பறிபோய்விடும். அதனால் பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்ற படத்தை மனதில் வைத்திருக்க வேண்டும். நார்வே நாட்டு ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், இங்கிலாந்து பிரீமியர் லீக் வீரர்களின் தலை அசைவை ஒளிப்பதிவில் எண்ணிப் பார்த்தார். அடிக்கடி திரும்பிப் பார்ப்பவர்களின் பாஸ்களே அதிகமாகச் சரியான காலுக்குப் போய்ச் சேர்ந்தன. இந்தப் பழக்கத்தைப் பயிற்சியால் வளர்க்கலாம். எப்போது ஆட்டத்தை வேகப்படுத்துவது, எப்போது ஆற்றிப்போடுவது என்ற நிதானமோ நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடித்தான் வரும். இரண்டுமே தேர்வு நாளில் அளவு நாடாவுக்குச் சிக்காதவை.

ஒரு மோட்ரிச்சைக் காட்டிப் பொதுவிதி சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்பெயினுக்கு 2010 உலகக் கோப்பையை வென்று தந்த சாவி, இனியெஸ்டா இருவரும் ஏறத்தாழ 170 செ.மீ. உயரமே. 2012-13இல் பிரான்சின் மூன்றாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்த எங்கோலோ கான்டே, 2016இல் லெஸ்டர் அணியோடும் 2017இல் செல்சி அணியோடும் இங்கிலாந்து பட்டத்தை வென்று, 2018இல் உலகக் கோப்பையையும் ஏந்தினார். இவர்களும் விதிவிலக்குகள்தான் என்று வாதிட்டால், தனிமனிதர்களை விட்டுவிட்டுத் தேர்வு முறையையே பார்ப்போம். ஐரோப்பிய இளையோர் பயிற்சிக்கூடங்களில், வயதுப்பிரிவின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே அளவுக்கு மீறி இடம்பிடிப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த மாதங்களில் பிறந்தவர்களுக்கெல்லாம் கால்பந்துத் திறமை கூடுதல் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஒரே பிரிவில் பதினொரு மாதம் மூத்த பிள்ளை சற்று உயரமாக, வலுவாக இருக்கிறது. அதையே திறமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதை உணர்ந்துதான் இங்கிலாந்தில் பிறந்த தேதிக்குப் பதிலாக உடல் முதிர்ச்சியை வைத்துச் சிறுவர்களைப் பிரித்து ஆடவிட்டுப் பார்த்தார்கள். பெல்ஜியம், தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கென்றே தனி இளையோர் அணி வைத்தது.

இன்றைய கால்பந்து மாறிவிட்டது, வேகமும் உடல்வலுவும் இல்லாதவர் நடுக்களத்தில் நிற்கவே முடியாது என்பது அடுத்த மறுப்பு. 2024ஆம் ஆண்டுக்கான பலோன் டி'ஓர் விருதை வென்ற ஸ்பெயினின் ரோட்ரி ஏறத்தாழ 190 செ.மீ. உயரம் உடையவர் என்பதும் உண்மை. ஆனால் அவரைப் புகழ்பவர்கள் எதைச் சொல்கிறார்கள்? சரியான இடத்தில் நிற்பதை, பந்தை இழக்காததை, ஆட்டத்தின் போக்கைக் கையில் வைத்திருப்பதை. உயரம் ஒரு குறை என்று யாரும் சொல்லவில்லை. அது தகுதிச் சான்று அல்ல என்பதே இங்கு வாதம். உடல்வலு வளர்பருவம் முடிந்த பிறகும் கூடும். களத்தைப் படிக்கும் கண்ணுக்கு இளமையிலேயே பழக்கம் வேண்டும். பன்னிரண்டு வயதில் வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைக்கு அந்தப் பழக்கம் கிடைக்காமலே போகிறது.

பொறுமை காட்டினால் எல்லோரும் மோட்ரிச் ஆகிவிடுவார்கள் என்று யாரும் நம்ப வேண்டாம். பந்தாட்டத்தைத் தொழிலாக்க முயலும் பிள்ளைகளில் மிகச் சிலரே அதில் நிலைக்கிறார்கள். படிப்பையும் கூடவே கொண்டுபோவதுதான் விவேகம். கழகங்களின் பணமும் இடமும் அளவானவை, எல்லோரையும் வைத்துக்கொள்ள முடியாது என்பதும் சரியே. கழித்துவிடத்தான் வேண்டும் என்றால், சரியான காரணத்துக்காகக் கழிக்கட்டும். தேர்வுப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதுங்கள். பந்து வருமுன் எத்தனை முறை திரும்பிப் பார்த்தான், பார்த்தாள் என்று எண்ணுங்கள். இன்று வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை இரண்டு ஆண்டு கழித்து மறுபடி அழைத்துப் பாருங்கள். நடுக்களத்தில் ஆட விரும்பும் இளையோரும், கோல் அடிக்காத நாளில் தங்களைத் தாங்களே கழித்துக்கொள்ள வேண்டியதில்லை. சிறிய அணிக்கு இரவலாகப் போவதைத் தண்டனையாக எண்ண வேண்டியதுமில்லை. பெஞ்சில் உட்காரவைக்கும் பெரிய அணியைவிட, தொண்ணூறு நிமிடமும் ஆடவிடும் சிறிய அணியே இந்தத் தொழிலைக் கற்றுத்தரும்.