மோட்டார் சைக்கிளுக்குக் கார் டயர் தகுமா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நெடுந்தூரப் பிரயாணத்திற்கென்றே அமைந்த பெரிய மோட்டார் சைக்கிள்களை ஓட்டுவோருள் ஒரு சாரார் விநோதமானதொரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கின்றனர். பின்சக்கரத்திற்குரிய டயரைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் கார் டயரை மாட்டிக்கொள்கின்றனர். முன்சக்கரத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. தம்மை ‘டார்க்ஸைடர்’, அதாவது இருட்பக்கத்தார், என்று வேடிக்கையாக அழைத்துக்கொள்ளும் இவர்களை வெறும் துடுக்கர் என்று தள்ளிவிடலாகாது. பல்லாயிரம் மைல் சென்று பழகியவர் இவர்களுட் பலருளர்.

அவர்கள் கூறும் நியாயத்தை முதலிற் கேட்போம். 2001-ல் வெளிவந்த ஹோண்டா கோல்டுவிங் 1800 என்னும் வண்டியின் எடை ஏறத்தாழ 400 கிலோ. அதன்மேல் இருவரும் மூட்டை முடிச்சுகளும் ஏறினால், பின் டயரின் மெதுவான ரப்பர் விரைவிலே தேய்ந்துபோகிறது. புதிய டயர் விலையோ அதிகம். பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும் கூலி வேறு. கார் டயர் இதனினும் பன்மடங்கு நாள் உழைக்கிறது. பாரந் தாங்குவதிலும் அது தாழ்ந்ததன்று. அவ்வண்டிக்கென விதித்த டயரின் தாங்கும் அளவு 375 கிலோ; அதற்குப் பதிலாக இவர்கள் மாட்டும் கார் டயரின் அளவோ 545 கிலோ. இவ்வளவும் மெய்யே.

ஆயினும் டயரின் வேலை பாரந் தாங்குவது மட்டுமன்று. கார் நிமிர்ந்து நின்றபடியே திரும்புகிறது. ஆதலின் அதன் டயர் பலகைபோல் தட்டையாயிருத்தல் பொருந்தும். மோட்டார் சைக்கிளோ சாய்ந்தாலன்றித் திரும்பாது. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவொன்றை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க, அது ஏறக்குறைய 30 பாகை சாய வேண்டும். பௌதிகம் பயிலும் மாணவர் கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு சாயினும் தரையைச் செவ்வனே பற்றும்பொருட்டே அதன் டயர் உருண்டையாக வார்க்கப்படுகிறது. தட்டையான டயர் சாயுங்கால் விளிம்பின்மேல் ஏறி நிற்கிறது. தரையைத் தொடும் இடம் சாயும் பக்கமே ஒதுங்கிவிடுதலால், டயர் வண்டியை நிமிர்த்தப் பார்க்கிறது; ஓட்டுபவர் கைப்பிடியை விடாது அழுத்திக்கொண்டேயிருக்க வேண்டும். பாதை பள்ளமும் மேடுமாக இருப்பின் வண்டி அவற்றின் போக்கிலே இழுபடுகிறது. நேரான பெருவழியில் இக்குறைகள் தோன்றா. மழை நனைத்த வளைவில், எதிரே மாடோ மரமோ தென்படும் கணத்தில் என்ன ஆகும் என்பதே கேள்வி. அன்றியும் டயரின் ஓரமும் அது பதியும் சக்கர விளிம்பும் இருவகை வண்டிகளிலும் ஒரே வடிவின அல்ல. பதியாத டயரைப் பதியவைக்க அளவு மீறிக் காற்றடைப்பாரும் உண்டு. அச்செயலின் அபாயத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

“நான் இவ்வாறே பல்லாண்டு ஓட்டினேன், யாதொரு தீங்கும் நேரவில்லை” என்பதே இவர்தம் முடிவான சான்று. நலமாக வீடு திரும்பியவர் சொல்வதையே நாம் கேட்கிறோம். விழுந்தவர் எத்தனை பேர், டயர் காரணமாக விழுந்தவர் எத்தனை பேர் என்று தெரியாத வரையில், இச்சான்று ஒரு பக்கக் கணக்கே. டயர் ஆலையார் விற்பனைக்காகவே அச்சுறுத்துகின்றனர் என்பாரும் உளர். இருவகை டயர்களையும் செய்து விற்கும் ஆலைகளே இது கூடாது என்று எச்சரிக்கின்றன. எதை வாங்கினும் காசு அவர்களுக்குத்தானே!

பக்கவண்டி பூட்டிய மோட்டார் சைக்கிளுக்கோ கார் டயர் மாட்டுவதை நான் மறுக்கமாட்டேன். மூன்று சக்கரத்தில் நிற்கும் அது சாய்வதில்லை. அங்கே தட்டையான டயர் தன் இடத்தில் இருக்கிறது. ஆனால் தகுந்த சக்கரமும் அதற்கு வேண்டும்.

தனியே செல்பவர் தம் உயிரைத் தாமே பணயம் வைக்கட்டும் என்று விட்டுவிடலாம். எனினும் கோல்டுவிங் இருவர் செல்லும் வண்டி. பின்னிருக்கையில் பெரும்பாலும் மனைவி அமர்ந்திருக்கிறாள். சேமித்த டாலர்களின் கணக்கை அவளிடம் சொல்பவர், டயர் ஆலையாரின் எச்சரிக்கையையும் படித்துக் காட்டிய பின்பா அவளை ஏற்றுகிறார்?